மாட்டுப்பட்டியில் ஒரு பொதுப்பண்ணை: பாடத்திட்டத்திற்கு முன் குத்தகைப் பத்திரம்

மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் 1963இல் இந்திய–சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கிற்று. பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர்ப் பசுக்களுடன் கலந்து உருவாக்கிய சுனந்தினி இனம் கேரளமெங்கும் பரவியது. வேளாண் அறிவு ஒரு மலைச்சிற்றூரிலிருந்து மாநிலம் முழுவதையும் எட்டக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

ஆயின் அதே 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம், தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர் நிலமற்றோராகவே நீடித்தனர். கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்ட 1971ஆம் ஆண்டுச் சட்டம், பயிரிடுவோர்க்குப் பகிர்ந்தளிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. எனினும் லயங்களில் வாழ்வோருள் பெரும்பாலோர்க்கு இன்றும் சொந்த நிலமில்லை. குடும்பத்தில் வேறெவரும் தோட்ட வேலையில் இல்லையெனில், ஓய்வு பெறும் நாளில் வீடும் கைவிட்டுப் போகிறது.

எனவே இங்குப் பொதுப்பண்ணையும் வேளாண் கல்விக்களமும் திட்டமிடுவோர், பாடத்திட்டத்திற்கு முன் குத்தகைப் பத்திரத்தை எழுத வேண்டும். அது தொழிலாளர் குழுவின் பெயரில், நீண்ட காலத்திற்கு அமைய வேண்டும். நிலமற்ற பெண்கள் குத்தகை நிலத்தில் கூட்டாகப் பயிரிட இயலும் என்பதைக் குடும்பஸ்ரீ குழுக்கள் மெய்ப்பித்துள்ளன. இடத்தேர்வில் எச்சரிக்கையும் தேவை: 2020ஆம் ஆண்டு பெட்டிமுடி நிலச்சரிவில் எழுபது உயிர்கள் மாண்டதை மறந்து எந்தச் சரிவையும் திருத்தலாகாது.

லயத்தோரம் பீன்ஸும் காரட்டும் விளைவித்து, மாடு கட்டி வாழ்வோர் மாணவர்கள் மட்டுமல்லர்; ஆசிரியர்களும் அவர்களே. நிலவுரிமை தராத பண்ணை, அவர்களுக்கு இன்னொரு கூலிக்களமாகவே முடியும்.