அலோகேட்டருக்கும் ஒரு இடம் கொடுங்க

சி++ டாக்குமென்டேஷன்ல வெக்டரோட கன்ஸ்ட்ரக்டர்களைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலானதுல கடைசியா 'அலோகேட்டர்'னு ஒரு ஆர்கியுமென்ட் இருக்கும். டீஃபால்ட் வேல்யூ இருக்கறதால நாம அதைக் கண்டுக்கறதே இல்ல. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போ என் கருத்து வேற: மெமரி ஒதுக்குற கிளாஸ் எதை எழுதினாலும், அதோட எல்லா கன்ஸ்ட்ரக்டரும் அலோகேட்டரை வாங்கணும்.

காரணம் சொல்றேன். சி++17ல பிஎம்ஆர் வந்தது. ஸ்டாக்ல 64 கேபி அரே ஒண்ணு வச்சு, அதுமேல மோனோடோனிக் பஃபரை உட்கார வச்சு, அதை பிஎம்ஆர் வெக்டருக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் பாயின்டர் கொஞ்சம் முன்னாடி நகரும், அவ்வளவுதான். ஹீப் பக்கமே போக வேண்டாம். (வெக்டர் வளர்ந்தா பழைய இடம் திரும்பக் கிடைக்காது, முதல்லயே ரிசர்வ் பண்ணிடுங்க.)

இப்போ அந்த வெக்டருக்குள்ள 'மாணவர்'னு நம்ம ஸ்ட்ரக்ட்டைப் போடுறோம். உள்ளே பிஎம்ஆர் ஸ்ட்ரிங்ல பேர். வெக்டர் பஃபர்ல இருக்கும். பேர் கொஞ்சம் நீளமா இருந்தா அது மட்டும் சத்தமில்லாம ஹீப்புக்குப் போயிடும். ஏன்னா நம்ம ஸ்ட்ரக்ட் அலோகேட்டரை வாங்கவும் இல்ல, உள்ள இருக்கற ஸ்ட்ரிங்குக்குக் கடத்தவும் இல்ல. எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. அதுவே 'அலோகேட்டர் டைப்'னு அறிவிச்சுட்டு, தேவையான கன்ஸ்ட்ரக்டரை மறந்தா கம்பைலரே நிறுத்திடும். திட்டு வாங்கினாலும் அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

காப்பியிலயும் இதே கதை. பிஎம்ஆர் வெக்டரைச் சும்மா காப்பி எடுத்தா, புதுசு மூலத்தோட பஃபரை எடுத்துக்காது. டீஃபால்ட் ரிசோர்ஸுக்குப் போகும். அலோகேட்டரையும் சேர்த்து வாங்குற காப்பி கன்ஸ்ட்ரக்டர் தனியா இருக்கு, அதைத்தான் கூப்பிடணும்.

ஸ்டாண்டர்டே இதுல தடுக்கி விழுந்திருக்கு. சி++11ல அளவை மட்டும் வாங்குற வெக்டர் கன்ஸ்ட்ரக்டர்ல அலோகேட்டருக்கு இடமே இல்ல. சி++14லதான் சேர்த்தாங்க. அதுவரைக்கும் அலோகேட்டரும் கொடுக்கணும்னா ஒரு ஆரம்ப மதிப்பையும் கூடவே கொடுத்தாகணும். அந்த மதிப்பைத்தான் காப்பி எடுத்து நிரப்பும். காப்பி எடுக்க முடியாத டைப்புக்கு அந்த வழியும் கிடையாது.

"லேப் ப்ரோக்ராமுக்கு இவ்ளோ எதுக்குடா?"ன்னு கேட்டா, லேப் ப்ரோக்ராமுக்கு வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா கேம் எஞ்சினோ மைக்ரோகன்ட்ரோலர் ப்ராஜெக்ட்டோ எழுதுறவங்க ஒருநாள் நம்ம கிளாஸை எடுத்துப் பயன்படுத்தினா? கன்ஸ்ட்ரக்டர்ல இடம் இல்லன்னா வெளியில இருந்து அவங்களால எதுவும் செய்ய முடியாது, நம்ம கோடையே திருத்தணும்.

சந்தேகமா இருந்தா இன்னைக்கே சோதிச்சுப் பாருங்க. மெயின் ஆரம்பத்துல டீஃபால்ட் ரிசோர்ஸா நல் மெமரி ரிசோர்ஸை வச்சிடுங்க. அப்புறம் எந்த பிஎம்ஆர் கன்டெய்னர் பஃபரை விட்டு நழுவி டீஃபால்ட்டுக்குப் போனாலும், 'பேட் அலாக்' எக்செப்ஷனோட அந்த வரியிலேயே மாட்டிக்கும்.