பிரான்சுக்கு வாழப் போகிறவர்களுக்குப் பிரெஞ்சு இனி விருப்பப் பாடமல்ல

அசாம் ஜாவா – கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு மொழித் தேர்வு புதிய சங்கதி அல்ல. சுதந்திரத்துக்கு முன் இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய முதியோர் பலருக்குக் குடியுரிமை வழியில் தடையாக நின்றவற்றுள் மலாய்த் தேர்வும் ஒன்று. 60 வயதைத் தாண்டிய அத்தகையோருக்கு அதைத் தளர்த்துவதாக 2018-இல்தான் அரசாங்கம் அறிவித்தது.

அதே கதவு இப்போது பிரான்சில், மணம் முடித்துத் துணையோடு வாழப் போகிறவர்கள் முன் நிற்கிறது.

2024 ஜனவரி 26-ஆம் தேதியிட்ட குடிநுழைவுச் சட்டத்தின் மொழி விதிகள் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. பல ஆண்டு வதிவிட அட்டைக்கு 'ஏ2', பத்தாண்டு அட்டைக்கு 'பி1', குடியுரிமைக்கு 'பி2' தேர்ச்சி வேண்டும். முன்பு பத்தாண்டு அட்டைக்கு 'ஏ2', குடியுரிமைக்கு 'பி1' போதுமானதாக இருந்தது. பல ஆண்டு அட்டை கேட்பவர் வகுப்புக்கு ஒழுங்காகப் போனாலே போதும் என்ற நிலையும் மாறிவிட்டது. இனி தேர்ச்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

தேறாதவரை உடனே திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் அவர் ஓராண்டு அட்டையிலேயே நிற்க வேண்டும். அதையும் ஒரே காரணத்துக்காகத் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப் பொதுவாக இடமில்லை. சிறப்புத் திறன் விசாவில் செல்வோருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் 'ஏ2' நிபந்தனை இல்லை. ஆகவே அதிகம் அடிபடுவது கணவனையோ மனைவியையோ நம்பிப் போகிறவர்தான்.

பாரிஸ் லா ஷப்பேல் பகுதியில் மளிகை வாங்கவும் கோயிலுக்குப் போகவும் தமிழே போதும். அந்த வசதியே பல பெண்களின் பிரெஞ்சைத் தள்ளிப் போடுகிறது. பிள்ளையின் பள்ளிக் கடிதம், மருத்துவமனை, வேலை நேர்காணல் என எதற்கும் கணவர் உடன் வர வேண்டியிருக்கிறது. அந்த உறவில் விரிசல் விழுந்தால், மொழியும் இல்லை, நிரந்தர அட்டையும் இல்லை என்ற நிலையில் அவர் தனித்து நிற்பார்.

மலாயும் ஆங்கிலமும் பழகிய நம்மவர்க்கு ரோமன் எழுத்து தெரியும். 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. சிரமம் உச்சரிப்பில்தான்: 'தண்ணீர்' என்பதற்கு மூன்று எழுத்து எழுதி 'ஓ' என்று மட்டும் சொல்ல வேண்டும். வேலை, சமையல், கைக்குழந்தை ஆகியவற்றுக்கு இடையே இதைப் படிப்பது லேசல்ல.

கோலாலம்பூரில் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் நடத்துகிறது. நகைக்கும் மண்டபத்துக்கும் கணக்குப் போடும் குடும்பங்கள், விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் மொழி வகுப்புக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம். போன பிறகு, மனைவி வகுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கணவரின் பங்கு. சிவப்பு அட்டையின் வலியை அறிந்த வட்டாரத்துக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.