ஜோடி ஜோடியாக வாங்காதீர்கள்

சென்னை கொளத்தூரில் மீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை சற்று நேரம் நின்றால் ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். “அண்ணா, அதுல ஒரு ஜோடி, இதுல ஒரு ஜோடி போடுங்க.” விலையையும் ஜோடிக்குத்தான் சொல்கிறார்கள். ஒரு ஜோடி ஏஞ்சல், ஒரு ஜோடி டைகர் பார்ப், ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ், நாலு நியான் டெட்ரா, அழுக்கைத் தின்ன ஒரு சக்கர் என்று காற்றடைத்த ஐந்து பைகள் ஸ்கூட்டரில் தொங்கியபடி வீடு போய்ச் சேரும். இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால் சக்கர் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“எங்களுக்கு மீன் ராசியில்லை” என்று சொல்லித் தொட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுகிறவர்கள் பலர். மீன்வளம் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொட்டிகளோடு பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்: ராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஐந்து பைகளும் ஒரே தண்ணீரில் வாழக் கூடியவை அல்ல.

டைகர் பார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஓடைகளில் கூட்டமாக வாழும் மீன் அது. எட்டு, பத்தாக இருந்தால் நாள் முழுக்க ஒன்றையொன்று துரத்தி, யார் பெரியவர் என்பதைத் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும். இரண்டே இரண்டாக விட்டால் அந்த வேகமெல்லாம் பக்கத்தில் மெதுவாக நீந்துகிற மீன்மேல் திரும்பும். ஏஞ்சலின் அடியில் நூல்போல இரண்டு துடுப்புகள் தொங்கும். டைகருக்கு அது புழு மாதிரி. நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன்: நூல் இரண்டும் அரை விரல் அளவுக்குக் குட்டையாகி, வால் நுனி கந்தலாகி, ஏஞ்சல் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் தலையைக் கீழே சாய்த்து அசையாமல் நின்றது. தீனி போட்டபோதுகூட அது வெளியே வரவில்லை. “ஏதோ நோய்” என்று மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஏஞ்சலும் நியானும் இரண்டுமே அமேசான் நீரில் பிறந்தவை. தண்ணீர் ஒத்துப்போகும், வாய்தான் ஒத்துப்போகாது. கடையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருக்கும் ஏஞ்சல் துடுப்போடு சேர்த்து ஒரு சாண் உயரம் வளரும். நியான் மூன்று, நாலு சென்டிமீட்டரைத் தாண்டாத ஒல்லி மீன். விளக்கணைத்த பிறகு ராத்திரிக்கு ஒன்றாகக் குறையும். காலையில் வீட்டார் “குதிச்சிருக்கும்” என்று சோபாவுக்கு அடியில் தேடுவார்கள்.

கோல்டு ஃபிஷ் பற்றிச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நம் ஊரில் அதிகம் விற்பதும் அதுதான், அதிகம் சாவதும் அதுதான். சீனாவில் கெண்டை இனத்திலிருந்து வந்த குளிர்நீர் மீன் அது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். மே மாதச் சென்னையில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும்போது, அதிகம் தின்று அதிகம் கழியும் அந்த மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. அதற்குத் தனித் தொட்டி, நிறையத் தண்ணீர், நல்ல ஃபில்டர் வேண்டும். கலப்புத் தொட்டியில் அதைச் சேர்க்கவே கூடாது.

சக்கர் விரல் நீளத்தில் வந்து ஓர் அடிக்கு மேல் வளரும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முள்ளும் ஓடுமாக அது வலையைக் கிழிப்பதும், கரையில் வளை தோண்டுவதும் ஏரி மீனவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? கடைக்குப் போகுமுன் வீட்டுக் குழாயைப் பாருங்கள். சோப்பு நுரைக்காமல், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற போர் தண்ணீரா? மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கடினநீர் மீன்களான மோலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில் அதில் செழிக்கும். மென்மையான தண்ணீர் கேட்கும் மீனை அதில் விட்டு மருந்தால் காப்பாற்ற முயல்வது வீண். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை. டெட்ராவும் செர்ரி பார்ப்பும் அங்கே தாராளமாக வாழும்.

மூன்று அடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி நடுத்தர வீட்டுக்குப் போதுமானது. கணக்குக்கு 127 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 100 லிட்டர் நிற்கும். சென்னைத் தண்ணீருக்கு நான் சொல்வது: பத்து ஜீப்ரா டேனியோ, ஆறு பிளாட்டி. அவ்வளவுதான். ஜீப்ரா நம் கங்கைச் சமவெளி மீன், விரல் நீளம்கூட இருக்காது, வெயிலையும் தாங்கும். பிளாட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்று எடுங்கள். இல்லாவிட்டால் ஆண்கள் ஒரே பெண்ணை ஓட ஓட விரட்டிச் சாகடித்துவிடும். மென்மையான தண்ணீர் உள்ளவர்கள், இலங்கையின் ஈரமண்டல ஓடைகளுக்கே உரிய செர்ரி பார்ப்பில் பன்னிரண்டு விட்டு, கூட ஒரு ஜோடி பேர்ல் கொராமி சேர்க்கலாம். ஜோடி என்ற சொல் பொருந்துகிற இடம் அது. செர்ரி ஆண்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகச் சிவந்து நிற்பதைக் கூட்டத்தில்தான் பார்க்க முடியும். தனியாக இருந்தால் அவை வெளுத்துப்போய்ச் செடிக்குள் ஒளியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். காரத்தன்மை (pH) கூடிய நீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் அதிகம். முதலில் ஆறு ஜீப்ரா விட்டு, கிள்ளித் தீனி போட்டு, வாரம் இரண்டு முறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் நிறுத்திவைத்து ஊற்றுங்கள். மற்ற மீன்கள் அடுத்த மாதம் வரட்டும்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு தொட்டிக் கண்ணாடியிலும் மீனின் பெயரோடு, அது எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை சேர்ந்து இருக்க வேண்டும், எந்தத் தண்ணீர் ஒத்துவரும் என்று மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். கூட்டமாக வாழும் மீனுக்கு ஜோடி விலை சொல்வதை நிறுத்தி, பத்துக்கு ஒரு விலை சொல்லுங்கள். மீன் பிழைத்தால் அதே ஆள் அடுத்த தொட்டிக்கும் உங்களிடம்தான் வருவார்.

குழந்தைகள் கலர் கலராகக் கேட்கிறார்களே என்பார்கள். பத்து ஜீப்ராவும் தீனிக்கு ஒரே வீச்சில் திரும்புவதை ஒரு முறை காட்டுங்கள். அப்படிக் காட்டிய ஒரு வீட்டில், நாலு வயதுப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கி, ஏழில் விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

(கட்டுரையாளர், அலங்கார மீன் வளர்ப்பு ஆலோசகர்)