வழுவா, வழுவமைதியா? செருப்போடு காலுறை அணியும் ஆண்கள்

ஆண்கள் செருப்போடு காலுறை அணியலாமா என்ற கேள்வி கல்வி வளாகங்களில் எழும்போதெல்லாம் சிரிப்போடுதான் எழுகிறது. கேட்பவருக்கு விடை முன்பே தெரியும், கூடாது. ஏன் கூடாது என்று கேட்டால் 'பார்க்க நன்றாயில்லை' என்பதற்கு மேல் ஒரு காரணம் வருவதில்லை. வேட்டிக்கு மேல் கோட்டு அணிந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இப்படிச் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். காரணம் சொல்லத் தெரியாத விதியை இத்தனை உறுதியோடு காக்கிறோம் என்றால் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது.

பார்ப்பதற்கு ஏற்ற இடம் ஸ்ரீ சிட்டி. 2008-இல் தொடங்கப்பட்ட இத்தொழில் நகரம் அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் இன்று இருக்கிறது. தமிழக எல்லை கூப்பிடு தூரம். தடா இரயில் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடும். கால்களைக் கவனித்தால் அங்கும் அதே கலப்பு: இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி, ஹவாய் செருப்பு, பின்வார் வைத்த செருப்பு, இடையிடையே அந்தச் செருப்புக்குள் ஒரு வெள்ளைக் காலுறை. இருமொழிக் கலப்பைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர்கள்கூட இந்தக் கடைசிக் கலப்பைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள்.

தமிழ் இலக்கண மரபு இதற்கு ஒரு சொல்லை வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் திணை, பால், எண் முதலியன முறை மாறி வருவதை வழு என்று பேசுகிறது. அதோடு நிற்பதில்லை. உவப்பினாலோ உயர்வு கருதியோ வேறு தக்க காரணத்தாலோ வந்த பிறழ்வை ஏற்றுக்கொள்ளும் இடங்களையும் அது பேசுகிறது. உரையாசிரியர்கள் அதற்கு வழுவமைதி என்று பெயரிட்டார்கள். பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பவனை இலக்கணம் திருத்துவதில்லை. அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று பார்க்கிறது. செருப்போடு காலுறை அணிபவனிடம் நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

செருப்பு நமக்குப் பழைய பொருள். பெரும்பாணாற்றுப்படையில் வணிகரின் காலைக் காப்பது அரணம். இடையனின் காலில் தழும்பு ஏற்றியது தொடுதோல். செருப்பு என்ற சொல்லுக்குத் தெலுங்கில் செப்பு, மலையாளத்தில் செரிப்பு, கன்னடத்தில் முதலொலி ககரமாகவே நின்ற கெர என இனச்சொற்கள் உண்டு. காலுறையின் கதை வேறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துத் தமிழில் அதற்கு மேஜோடு என்ற பெயர் வழங்கியது. தெலுங்கில் அது மேஜோள்ளு என்று இன்னும் இருக்கிறது. தமிழர் அதையும் விட்டுச் சாக்ஸ் என்றார்கள். எழுத்தில் காலுறை என்றார்கள். செருப்பு வீட்டுச் சொல், காலுறை விருந்தினர் சொல். இவை இரண்டும் ஒரே காலில் சேரக்கூடாது என்ற எண்ணமும் அந்த விருந்தினரோடு வந்ததுதான்.

எப்படி வந்தது என்பதும் மறைவானதன்று. ஆம்ஹர்ஸ்ட் தலைமை ஆளுநராயிருந்த காலத்தில் இந்தியர்கள் அவர் முன் காலணியைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. டல்ஹௌசி காலத்தில் அது இறுகி, அரசு நிறுவனம் எதில் நுழைந்தாலும் காலணியைக் கழற்றவேண்டும் என்றாயிற்று. ஐரோப்பிய உடை அணிந்தவருக்கு மட்டும் விலக்கு. 1862-இல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டீ என்ற மதிப்பீட்டாளர் தம் காலணியைக் கழற்ற மறுத்தது அந்நாளில் பெரும் விவாதமானது. ஆக, ஒரே கட்டடத்தின் வாசலில் கால்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன: பூட்ஸும் அதனுள் காலுறையும் அணிந்து உள்ளே போகத்தக்க கால், செருப்பை வெளியே விட்டு வெறுமையாய்ப் போகவேண்டிய கால். இந்தப் பிரிவினையைக் கற்றுக்கொள்வதில் நமக்குச் சிரமம் இருந்திருக்காது. ஊர்த் தெருவில் தலித் மக்கள் செருப்பணிந்து நடக்கக்கூடாது என்று தடுத்த சமூகத்துக்குக் காலைப் பார்த்து ஆளை எடைபோடுவது கைவந்த கலை. செருப்போடு காலுறை சேரும்போது அந்த வாசற்காவலர் குழம்பிப் போகிறார். நமக்கு வரும் சிரிப்பு அவருடைய குழப்பத்தின் மிச்சம்.

வெள்ளைக்காரர்களே இதைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று கேட்கலாம். சிரிக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய முன்னோர் சிரிக்கவில்லை. இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற உரோமக் கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 100-ஐச் சேர்ந்த மரப்பலகைக் கடிதம் ஒன்றில், காலுறைகளும் இரண்டு சோடிச் செருப்பும் உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக யாரோ யாருக்கோ எழுதியிருக்கிறார். எகிப்தில் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் பின்னப்பட்ட சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு சோடி இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. செருப்பின் வார் நுழைவதற்காகவே அதில் கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கிறது. இத்தனை தூரம் போகவும் வேண்டியதில்லை. இசுசு, டைகின் முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் ஸ்ரீ சிட்டியிலேயே இயங்குகின்றன. அந்நாட்டு ஆண்கள் மங்கல நாளில் கிமோனோ உடுத்தால் காலில் விரல் பிரிந்த வெள்ளைத் தபி, அதன் மேல் ஸோரி என்னும் செருப்பு. அங்கே தபி இல்லாமல் ஸோரி அணிந்து போனால்தான் வழு.

இவ்வளவும் அழகைப் பற்றிய பேச்சு. அழகு மட்டும் பொருளாயின் இதைச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். செருப்போடு காலுறை அணியும் ஆண்களில் ஒரு பகுதியினருக்கு அது விருப்பமன்று, மருத்துவம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. நீரிழிவு நாட்பட நாட்படப் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும். முள் குத்தினாலும் செருப்பின் வார் உராய்ந்து தோல் கிழிந்தாலும் வலி வராது. வலி வராததால் மனிதர் நடந்துகொண்டேயிருப்பார். புண் ஆழமாகும், ஆறாது, சிலருக்கு விரலை எடுக்கும் நிலை, காலை எடுக்கும் நிலை வரை போகும். கோடையில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு சுற்றி வந்து, வீடு திரும்பியபின் உள்ளங்காலில் கொப்புளம் கண்டு திகைப்பவர்கள் இவர்கள்தாம். திருப்பதிக்கு அண்மையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய கால்களுக்கு என்ன அணிவிப்பது என்ற கேள்விக்கு உலகம் கற்ற விடைகளில் ஒன்று இந்த வட்டாரத்தில் பிறந்தது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை, உணர்வற்றுப் போனதால் அடிபட்டுத் தேய்கின்றன என்று கண்டறிந்தார். அடிபடாமல் காத்தால் கால் நிலைக்கும். வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் நடந்த பணிகளின் வழியாக நுண்ணறை இரப்பரால் ஆன மெத்தென்ற அடித்தட்டுடைய செருப்புகள் பரவின. சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம். இன்று நீரிழிவாளர்க்கு எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதித் தரப்படுவது அதே வழியில் வந்ததே.

அந்தச் செருப்புக்கு நேர்ந்தது இந்த விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. அது காலைக் காத்தது. ஆனால் அணிந்தவர் யார் என்று ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. செருப்பைப் பார்த்தே நோயை அறிந்துகொள்வார்கள் என்று அஞ்சி, பலர் அதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடோ சாதாரணச் செருப்போடோ வெளியே போனார்கள். மருத்துவமனை தந்த காப்பைத் தெருவின் பார்வை பறித்துக்கொண்டது. நீரிழிவுக் காலோடு செருப்பும் காலுறையும் அணிந்து வகுப்புக்கு வரும் ஓர் ஆசிரியரைப் பின்வரிசை பார்த்துச் சிரிக்கும்போது நடப்பது அதன் சிறிய வடிவம். அவர் மறுநாள் காலுறையைக் கழற்றிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது, அவருடைய பாதத்தைத் தவிர. பாதமும் அவரிடம் சொல்லாது.

இதே ஊர்களில் பெண்கள் தோல்நிறக் காலுறை, அதுவும் கட்டைவிரல் பிரிந்தது, செருப்புக்குள் அணிந்து ஸ்கூட்டரில் போகிறார்கள். வெயிலுக்கு என்று ஒரு சொல் போதும். யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை. (கால் கறுத்துவிடும் என்ற அச்சம் அதற்குள் ஒளிந்திருப்பது வேறொரு நாள் பேசவேண்டியது.) ஆணின் கால் மட்டும் வெயிலும் தூசும் உறைக்காத கால் என்று எண்ணிக்கொள்கிறோமோ என்னவோ. மின்னணு ஆலைகளில் நிலைமின்னேற்றம் தங்காத செருப்பைக் காலுறைக்கு மேல் அணிந்து எட்டு மணி நேரம் நிற்கும் இளைஞனை ஆலைக்குள் யாரும் பார்த்துச் சிரிப்பதில்லை. அதே இளைஞன் அதே கோலத்தில் கருத்தரங்க மேடையேறினால் அரங்கம் நெளியும்.

எல்லாக் காலுறைக்கும் எல்லாச் செருப்புக்கும் வக்காலத்து வாங்க இயலாது. ஹவாய் செருப்புக்குள் விரல் பிரியாத காலுறையைத் திணித்துக்கொண்டு படியிறங்குவது வழுக்கி விழுவதற்கான ஏற்பாடு. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த காலுறையோடு நாள் முழுதும் இருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். இறுக்கமான மேல்பட்டை இரத்த ஓட்டத்துக்குக் கேடு. பின்வாரும் அகன்ற முன்பகுதியும் உள்ள செருப்பு, தளர்வான பருத்திக் காலுறை, நாள்தோறும் மாற்றுதல்: இவ்வளவும் சேர்ந்தால்தான் பயன். வேறு காரணமின்றி, இதமாயிருக்கிறது என்பதற்காக மட்டும் அணிபவரும் இருக்கிறார். அவரும் அணியட்டும். மருத்துவச் சீட்டு உள்ளவருக்கு மட்டும் சலுகை என்று வைத்தால், காலுறை அணிந்தவர் ஒவ்வொருவரும் தம் நோயைச் சொல்லிக்கொண்டு திரிய நேரிடும். பழைய செருப்பின் கதையே திரும்பும்.

நேர்காணலுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் 'முறையான காலணி' என்று சுற்றறிக்கை எழுதும் கல்வி நிறுவனங்கள் அந்தத் தொடரில் உள்ள முறை யாருடையது என்று ஒருமுறை யோசிக்கலாம். மூடிய தோற்காலணி சென்னையிலோ சித்தூரிலோ மே மாதத்தில் யாருடைய காலுக்கும் முறையானதன்று. வாரும் காலுறையும் தூய்மையாக இருக்கின்றனவா என்று கேட்டால் போதும்.

பாதப் பராமரிப்புக்கான பன்னாட்டு வழிகாட்டிகள் இன்னொன்றும் சொல்கின்றன: காலுறையில் தையல் இருந்தால் அது தோலை உறுத்தாதபடி உட்புறம் வெளியே தெரியத் திருப்பி அணியவேண்டும். ஆகவே ஸ்ரீ சிட்டியிலோ வேறெங்கோ, செருப்புக்குள் காலுறை, அதுவும் தையல் வெளியே தெரிய, ஒருவர் எதிரே வரக்கூடும். காலுறையைத் திருப்பிப் போட்டுவிட்டார் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துதான் போட்டிருக்கிறார்.