சாய்ந்த வேம்பை வீட்டிலேயே பலகையாக அறுக்கலாமா?

''தாத்தா வைத்த வேம்பு மழைக்காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. சந்து குறுகல் என்பதால் அடிமரத்தை முழுதாக வெளியே கொண்டுபோக முடியவில்லை. விறகுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. செயின்சா வைத்து வீட்டிலேயே பலகையாக அறுக்க முடியுமா?''

- வாசகர், தியாகராய நகர், சென்னை.

முடியும். ஆனால், எவ்வளவு தடிமனான பலகை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது, சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. பாதையைத் திறக்கும் அவசரத்தில் பெரும்பாலானவை துண்டு துண்டாக வெட்டப்பட்டன. அப்படி வெட்டிய மரம் விறகுக்குத்தான் ஆகும். எனவே, ஆட்கள் வரும் முன்பே எந்த நீளத்தில் வெட்ட வேண்டும் என்று அடிமரத்தில் சுண்ணாம்பால் குறித்துவிட வேண்டும். வேர் மண்ணில் இருக்கும் மரம் என்றால், வெட்டும் முன் மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தெருவோர மரம் விழுந்தாலும் அது வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை.

செயின்சா சங்கிலி போகும் தடம் சுமார் 9 மி.மீ. மரவாடியில் உள்ள பட்டை ரம்பத்துக்கு 2 முதல் 3 மி.மீ. போதும். நான்கு பக்கமும் சீவிய 300 மி.மீ. கட்டையில் 25 மி.மீ. பலகை எடுத்தால், மரவாடியில் 10 அல்லது 11 கிடைக்கும். செயின்சாவில் 9 தான். 50 மி.மீ. பலகை என்றால் இரண்டிலும் 5 தான். ஆகவே, பெஞ்சு, மேஜைப் பலகை, படிக்கட்டுப் பலகை போன்ற தடிமனான வேலைக்கு வீட்டில் அறுக்கலாம். அலமாரிக்கு மெல்லிய பலகை வேண்டுமென்றால், 4 அடித் துண்டுகளாக்கி மரவாடிக்குக் கொண்டுபோவதே லாபம்.

வீட்டு மரத்தில் பெரிய ஆபத்து ஆணி. கொடிக்கயிறு கட்ட அடித்த ஆணியை மரம் விழுங்கியிருக்கும். சங்கிலி அதில் பட்டால் பல் போகும். ரம்பம் கையை மீறி எகிறும். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். உலோகம் கண்டறியும் சிறு கருவியால் முழு நீளமும் பார்த்துவிட வேண்டும்.

கிளை வெட்டும் சிறிய இயந்திரம் இதற்கு ஆகாது. நீளவாக்கில் அறுக்கும்போது இன்ஜினுக்குச் சுமை அதிகம், சூடேறிக் கெட்டுவிடும். 70 சி.சி.க்கு மேற்பட்ட இயந்திரமும், கட்டையின் அகலத்தைவிட நீளமான சங்கிலித்தகடும் வேண்டும். சாதாரண சங்கிலியின் பல் சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கும். நீளவாக்கு அறுப்புக்கு 10 டிகிரி சாய்வில் தீட்டிய சங்கிலி தேவை. தடிமனைச் சீராக வைக்க, ரம்பத்தில் பூட்டும் இரும்புச் சட்டம் கிடைக்கிறது. முதல் வெட்டுக்கு நேரான அலுமினிய ஏணியைக் கட்டைமேல் திருகி, அதன்மேல் சட்டத்தை ஓட்டலாம். அறுத்த இடைவெளியில் அங்கங்கே ஆப்பு வைத்தால் தகடு இறுகாது.

இந்த வேலையில் பழகாதவர் தானே இறங்கக் கூடாது. இயந்திரத்தோடு வரும் அனுபவசாலியை அமர்த்துவதே சரி. தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், கனமான பூட்ஸ் கட்டாயம். உதவிக்கு ஓர் ஆள் எப்போதும் அருகில் இருக்க வேண்டும்.

பலகை கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. காயும்போது சுருங்கும் என்பதால், தேவையைவிடச் சற்றுத் தடிமனாக அறுக்க வேண்டும். பட்டையை உரித்து, இரண்டு முனைகளிலும் பெயின்ட் பூச வேண்டும். இல்லையென்றால் முனை வெடிக்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பலகைகளுக்கு நடுவே 2 அடிக்கு ஒரு ரீப்பர் வைத்து அடுக்க வேண்டும். மேலே கனம் ஏற்ற வேண்டும். மொட்டைமாடி வெயில் கூடாது. காற்றோட்டமான நிழல் வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பொதுக்கணக்கு.

வேம்பின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. வெளிப்புற வெளிர்நிற மரத்தில் பூச்சி விழும், அதைச் சீவிவிடலாம். 2 அங்குலப் பலகையாக அறுத்து, 2 ஆண்டுகள் பொறுத்தால், தாத்தா வைத்த மரம் திண்ணையில் பெஞ்சாக உட்காரும்.