ஹாஃப் கிளட்ச் குற்றமல்ல

கியர் வண்டி பழக வருகிறவர் காதில் முதல் நாளே விழுகிற எச்சரிக்கை ஒன்று உண்டு: "ஹாஃப் கிளட்ச்ல ஓட்டாத, பிளேட் போயிடும்." அப்பா சொல்வார், அண்ணன் சொல்வார், தெருமுனை மெக்கானிக்கும் சொல்வார். அக்கறையோடு சொல்லப்படுவதுதான். ஆனால் மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு தவறு. புதிதாகப் பழகுகிறவர்கள் நடைவேகத்தில் கீழே விழுவதற்கும், கியர் வண்டியே வேண்டாம் என்று பாதியில் விட்டுவிடுவதற்கும் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் அதை இனியும் விட்டுவைக்கக் கூடாது.

நிற்கிற வண்டியை எடுத்துக்கொள்வோம். 100 சிசி வண்டியின் இன்ஜின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 முறை சுற்றுகிறது. பின் சக்கரமோ அசையவில்லை. சுற்றுகிற ஒன்றையும் சுற்றாத ஒன்றையும் இணைக்க வேண்டுமென்றால் நடுவில் ஏதாவது வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்த வழுக்கலுக்காகவே கிளட்ச் என்ற உறுப்பு இருக்கிறது. ஆகவே லீவரைப் பாதி பிடித்து வழுக்கவிடும் ஹாஃப் கிளட்ச் இல்லாமல் எந்தக் கியர் வண்டியும் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. அந்த எச்சரிக்கையை நம்புகிறவர் அந்தக் கட்டத்தைத் தவிர்ப்பதில்லை, அவசரப்படுத்துகிறார், அவ்வளவே. மெல்லத் தளர்த்த வேண்டிய லீவரைப் பட்டென்று விடுகிறார். இன்ஜின் ஆஃப் ஆகிறது, இல்லையென்றால் வண்டி முன்னால் பாய்கிறது. பாய்ந்தால் உடம்பு பின்னால் சாய்கிறது, பயத்தில் வலது கை பிடியை இறுக்குகிறது, ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கிறது. பழகுகிறவருக்குக் கைவரவில்லை என்று அங்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். பெண்களாக இருந்தால் "உனக்கு ஸ்கூட்டர்தான் சரி" என்ற தீர்ப்பும் சேர்ந்து வருகிறது. கையில் குறையில்லை, சொல்லிக்கொடுத்ததில்தான் குறை.

இந்த எச்சரிக்கை காரிலிருந்து வந்திருக்க வேண்டும். கியர் கார்களில் பொதுவாக இருப்பது ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே எண்ணெய் கிடையாது; மேட்டில் நின்றபடி ஹாஃப் கிளட்ச்சிலேயே தாங்கிப் பிடித்தால் கருகல் வாசனை அடிக்கும். காருக்கு அந்த அறிவுரை சரி. நம் சாலைகளில் ஓடும் கியர் பைக்குகளிலோ பல தட்டுகள் அடுக்கிய ஈரக் கிளட்ச்தான் வழக்கம். உராய்வுத் தட்டு, ஸ்டீல் தட்டு என்று மாறி மாறி அடுக்கி, மொத்தத்தையும் எண்ணெயில் நனைத்து வைத்திருப்பார்கள். வழுக்கலில் பிறக்கும் சூட்டைப் பல தட்டுகள் பங்கிட்டுக்கொள்கின்றன, எண்ணெய் அள்ளிக்கொண்டு போகிறது. டுகாட்டியின் சில மாடல்களும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளும் உலர் கிளட்ச் கொண்டவை. அவற்றுக்கு வேறு கணக்கு. ஆனால் கிளட்ச் தொல்லையே இல்லை என்று நாம் பரிந்துரைக்கும் ஸ்கூட்டரைப் பாருங்கள். அதன் தானியங்கி கிளட்ச் ஒவ்வொரு முறை நகரும்போதும் வழுக்கித்தான் பிடிக்கிறது, பெரும்பாலும் எண்ணெய்கூட இல்லாமல். அதை யாரும் கண்டிப்பதில்லை.

"ஆனாலும் பிளேட் கருகி வண்டிகள் வருகின்றனவே" என்று மெக்கானிக் கேட்பார். நியாயமான கேள்வி. நீலம் பாய்ந்த ஸ்டீல் தட்டுகளை அவர் கையால் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் கருக்கியது எது? கிளட்ச்சில் பிறக்கும் சூடு, அது கடத்தும் முறுக்குவிசையையும் இரு பக்கச் சுழற்சி வேக வித்தியாசத்தையும் பொறுத்தது. ஒரு கணக்குப் போடலாம். லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து 3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் நிமிடத்துக்கு 1,000 சுற்று வித்தியாசம் என்றால் சூடு 300 வாட்டுக்குச் சற்று மேல். அதே வண்டியை முழுக்க முறுக்கி 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் 5,000 சுற்று வித்தியாசத்தோடு வழுக்கவிட்டால் 4,000 வாட்டைத் தாண்டும். இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பை ஒன்றாக எரிப்பது போல. இரண்டையும் நாம் ஹாஃப் கிளட்ச் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். குழப்பத்தின் வேர் அந்தப் பெயரில் இருக்கிறது. லீவரில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டே நெடுஞ்சாலையில் போவது, மேட்டில் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்ச்சால் வண்டியை நிறுத்திவைப்பது, மூன்றாம் கியரில் கிளப்புவது: பிளேட்டைத் தின்பவை இவை. கேபிளில் ப்ளே எனும் தளர்வு இல்லாமல் இறுக்கி வைப்பதும் அப்படித்தான். பல வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ப்ளே வேண்டும். அது இல்லையென்றால் கையை முழுக்க எடுத்த பிறகும் கிளட்ச் வழுக்கிக்கொண்டேயிருக்கும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. விலை குறைவென்று கார் ஆயிலை ஊற்றினாலும் இதே கதைதான். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள எண்ணெய் ஈரக் கிளட்ச்சைப் பிடிக்கவிடாது. கியர் பைக்குக்கென்று ஜாசோ எம்ஏ என்ற தனித் தரம் இருப்பதே அதனால்.

மெதுவாக ஓட்டும் திறனை ஜப்பானில் லைசென்ஸ் தேர்விலேயே சோதிக்கிறார்கள். 30 சென்டிமீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் கொண்ட மேடை; பெரிய பைக்குக்கான தேர்வில் அதை 10 வினாடிக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டும். சீக்கிரம் கடந்தால் மதிப்பெண் குறையும். மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம் என்ற அந்த வேகத்தில் பெரிய பைக்கைக் கிளட்ச்சை முழுக்க விட்டுவிட்டு ஓட்ட முடியாது. லீவரைப் பாதியில் வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, இரண்டையும் எதிரெதிராக இழுக்கவிட்டால்தான் வண்டி நிமிர்ந்து நிற்கும். நம் ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போடுகிறவர் காலை ஊன்றிவிடுவதும் இதே இடத்தில்தான். கிளட்ச் முழுக்க வெளியே இருக்கும்போது திருப்பத்தில் வேகத்தைக் குறைக்க அவர் கை போவது முன் பிரேக்குக்கு. ஹேண்டில் மடங்கியிருக்கையில் அதைப் பிடித்தால் வண்டி உள்பக்கமாகச் சரியும்.

பழகுகிறவரிடம் இவ்வளவையும் சொன்னால் நாள் முழுக்க ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓட்டுவார் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால் கிளட்ச் பிடிக்கும் இடத்தை விரலால் உணராதவர்தான் சந்தேகத்தில் லீவரைப் பாதியிலேயே வைத்திருப்பார். அந்த இடம் தெரிந்தவர் வேகம் வந்ததும் தயங்காமல் விட்டுவிடுவார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, சமதளத்தில் முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் லீவரை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தச் சொல்ல வேண்டும். இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும், வண்டி நகரப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்தி, இரண்டு மூச்சு வைத்திருந்து, மறுபடி இழுக்க வேண்டும். இருபது முப்பது தடவை. முதல் ஒரு மணி நேரத்துக்கு வலது கைக்கு வேலையே வேண்டாம்.