பீங்கான் வணிகன் திறந்த கல்விக் கதவு

"ஏழைக்கு எழுத்தறிவு போதும், உயர்கல்வி எதற்கு?" என்று கேட்போர் எந்நாட்டிலும் உண்டு. 1847-இல் நியூயார்க் நகரிலும் இருந்தனர். எங்கள் வரிப்பணத்தில் எவன் பிள்ளையோ கல்லூரியில் படிப்பதா என்று குமுறினர். அவர்களை எதிர்த்து நின்றவன் பேராசிரியன் அல்லன், பிரபுவும் அல்லன். பீங்கான் விற்ற வணிகன், டவுன்சென்ட் ஹாரிஸ்!

1804-இல் பிறந்த ஹாரிஸ், பதின்மூன்று வயதில் பள்ளியைவிட்டுக் கடைவேலைக்குப் போனவன். கல்லூரியில் பயிலாதவன். பிரெஞ்சும் ஸ்பானியமும் இத்தாலியமும் தன் முயற்சியாலேயே கற்றான். "நான் தனியே கற்றேன், நீயும் அப்படியே கற்றுக்கொள்" என்று அவன் ஏழைச் சிறுவனிடம் சொல்லியிருக்கலாம். உழைத்து உயர்ந்தோர் பலர் சொல்லும் உபதேசம் அதுதானே! ஹாரிஸ் சொல்லவில்லை. தான் பட்ட பாடு பிறர்க்கும் விதியாகட்டும் என்பவன் கல்மனத்தான். தன்னோடு அது ஒழியட்டும் என்பவனே மனிதன்.

1846-இல் நகரக் கல்விக் குழுவின் தலைவனானான். செல்வர் பிள்ளையும் வறியவர் பிள்ளையும் ஒரே வரிசையில் அமரவேண்டும், உழைப்பும் ஒழுக்கமும் அறிவுமே வேறுபாடு காட்டவேண்டும் என்று வாதாடினான். வழக்கு மக்கள்மன்றம் ஏறிற்று. 1847 வாக்கெடுப்பில் 19,000-க்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். எதிர்த்தோர் ஏறத்தாழ 3,400 பேரே. 1849-இல் திறந்தது கட்டணமில்லாக் கல்லூரி. அதுவே பின்னாளில் நியூயார்க் நகரக் கல்லூரி ஆயிற்று.

ஆனால், தோழர்களே, பகுத்தறிவாளன் எவர்க்கும் பல்லக்குத் தூக்குவதில்லை. 'எல்லோர்க்கும்' என்று திறந்த அந்தக் கதவு ஆண்களுக்கே திறந்தது. பெண்களுக்கென அந்நகரில் தனிக் கல்லூரி எழ 1870 வரை காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்க அரசின் தூதனாக 1856-இல் ஜப்பான் சென்ற அதே ஹாரிஸ், 1858-இல் முடித்த உடன்படிக்கை எத்தகையது? ஜப்பானிய மண்ணில் குற்றம் புரிந்த அமெரிக்கனை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சுங்கவரியை ஜப்பான் தன் விருப்பப்படி விதிக்க முடியாது! முதல் தளை 1899-இல் அறுந்தது. இரண்டாவது 1911-இல்தான் முற்றும் ஒழிந்தது. உள்ளூரில் சமத்துவம், கடல் கடந்தால் ஆதிக்கமா? கல்விக்காகப் போற்றுவோம், உடன்படிக்கைக்காகக் கண்டிப்போம். துலாக்கோலுக்கு நன்றியுமில்லை, பகையுமில்லை.

1878-இல் ஹாரிஸ் மறைந்தான்; கல்லூரி வாழ்ந்தது. ஆனால் 1976-இல், நகரின் நிதி நெருக்கடியைக் காரணங்காட்டிக் கட்டணம் புகுந்தது. மக்கள் வாக்களித்துப் பெற்ற உரிமை, கணக்கேட்டைக் காட்டிப் பறிக்கப்பட்டது! பெற்ற உரிமை பெட்டியில் வைத்த பொன்னன்று, பூட்டிவிட்டு உறங்க. அது விளக்கு, நாளும் எண்ணெய் ஊற்றுவோர் இருந்தால்தான் எரியும். ஊற்றுவோர் யார்? படித்து முடித்த நாம்தானே!